பார்க்காத படத்துக்கு வாங்கிய பரிசு

(பழைய மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



சொதிச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கண் செருகும் நேரம். "அண்ணாச்சி, கனமா எதையும் எடுத்துறாதீங்க. சினிமா பத்திப் பேசுங்க, முழிச்சிருப்பாங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே சினிமாதான். ஆனால் நான் பார்த்த படங்களைப் பற்றியல்ல, பார்க்காத படங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். அது ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நல்ல படம் என்று உலகமே சொல்லி, நாமும் தலையாட்டி, ஆனால் இன்றுவரை பார்க்காத படங்கள் நம் எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். யாரும் கை தூக்க வேண்டாம். நானே தூக்கிவிடுகிறேன். சத்யஜித் ராய் 1955-ல் எடுத்த 'பதேர் பாஞ்சாலி'யை நான் முழுதாகப் பார்த்தது அறுபது வயது தாண்டித்தான். அதற்கு முன்பு முப்பது வருஷமாக அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன்! ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்', 1941-ல் வந்தது, இன்னும் பார்க்கவில்லை. ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்', 1978, பாதி பார்த்தேன். மீதிப் பாதி நாளைக்கு என்று வைத்தேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

இன்னொன்று சொல்கிறேன், இது நமக்கு ரொம்பப் பக்கம். 'ஏழாவது மனிதன்'. நம் பாளை சண்முகம் தயாரித்த படம். ஹரிஹரன் இயக்கியது. ரகுவரன் நாயகனாக அறிமுகமானார். 1982-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கியது. அதில் வரும் பாரதியார் பாடல்களை எல். வைத்தியநாதன் இசையில் இன்றைக்கும் காலை நடையில் கேட்கிறேன். பாட்டுத் தெரியும், விருது தெரியும், தயாரித்தவர் ஊர் தெரியும். படம் மட்டும் பார்த்ததில்லை.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால், நம்மிடம் ஒரு ரெடிமேட் பதில் இருக்கிறது. வாய்ப்பு இல்லை. ரத்னா, பார்வதி, ராயல், பாப்புலர், சென்ட்ரல், பூர்ணகலா என்று நமக்குத் தியேட்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் விருதுப் படம் வந்தால் இரண்டொரு நாளில் பெட்டி திரும்பிவிடும். பிறகு எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படங்கள் போட்டார்கள். நல்ல நல்ல படங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றுக்குப் பிறகு வங்காளப் படம் பார்த்து முழித்திருந்தவன் நம் வட்டாரத்தில் யார்?

சரி, அந்தக் காலம் அப்படி. இன்றைக்கு என்ன? அதில் பாதிப் படங்கள் சட்டைப் பையில் இருக்கிற போனிலேயே கிடக்கின்றன. இப்போதும் பார்ப்பதில்லை. ஆக, வாய்ப்பு இல்லை என்பது முழுக் காரணம் அல்ல. பார்க்காததுகூடப் பெரிய தப்பில்லை, நண்பர்களே. பார்த்ததாகச் சொல்கிறோமே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. அதற்கு என் கதையே சாட்சி.

1979. நாங்கள் இரண்டாம் ஆண்டு. தமிழ் மன்றத்தில் பேச்சுப் போட்டி அறிவித்தார்கள். தலைப்பு, 'என் மனம் கவர்ந்த படைப்பு'. கதை, நாவல், நாடகம், சினிமா எதைப் பற்றியும் பேசலாம். அந்தத் தீபாவளியை ஒட்டித்தான் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' வெளிவந்திருந்தது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவிய படம். புதுமைப்பித்தன் என்றால் நமக்குச் சொந்தக்காரர் மாதிரி. அவர் எழுத்தில் வருகிற பேச்சு நம் வீட்டுத் திண்ணைப் பேச்சு. எங்கள் தமிழ்ப் பேராசிரியர் ஐயா வகுப்பிலேயே சொன்னார்: "காசு இருக்கவன் இந்தப் படத்தப் பாத்துட்டு வாங்கடே. தமிழ்ல இப்படி ஒண்ணு வாரது அபூர்வம்."

படம் நம் ஊருக்கு வந்ததும், விடுதியில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு இரண்டாம் ஆட்டத்துக்குக் கிளம்பினேன். போகிற வழியில் இன்னொரு தியேட்டர் வாசலில் ஒரு போஸ்டர். பழைய படம், மறுபடியும் போட்டிருக்கிறார்கள். 'ஆயிரத்தில் ஒருவன்'! எம்.ஜி.ஆர். கையில் வாளோடு நிற்கிறார். என் கால் அப்படியே திரும்பிவிட்டது. 1965-ல் அந்தப் படம் வந்தபோது எனக்கு ஐந்து வயது. அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேனாம், எனக்கு நினைவில்லை. அடிமையாக விற்கப்பட்ட வைத்தியன் கப்பலைப் பிடித்துச் சுதந்திரத்துக்குச் சண்டை போடுகிற கதை. அன்றைக்கு ராத்திரி நான் விசில் அடித்த விசிலில் மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது.

படம் முடிந்து பாளைக்கு நடந்துதான் வந்தேன். சுலோசன முதலியார் பாலத்தில் வரும்போது பயம் வந்தது. ஐயா கேட்டால் என்ன சொல்வது? போட்டிக்கு என்ன பேசுவது? எம்.ஜி.ஆர். படத்தைப் பற்றி மன்றத்தில் பேசினால் சிரிப்பார்களே! கிராமத்திலிருந்து வந்த முதல் தலைமுறைப் பையன் நான். இங்கே வந்த பிறகுதான் ரசனையிலும் மேல்படி, கீழ்ப்படி உண்டு என்று தெரிந்துகொண்டேன். ஆங்கிலப் படம் பார்ப்பவன் மேல்படி. சிவாஜியின் நடிப்பை அலசுகிறவன் அதற்கு அடுத்த படி. எம்.ஜி.ஆருக்கு விசில் அடிக்கிறவன் தரையில். (ஒரு தகவல்: 'ஆயிரத்தில் ஒருவ'னை இயக்கிய பி.ஆர். பந்துலுதான் 1959-ல் 'வீரபாண்டிய கட்டபொம்ம'னையும் 1961-ல் 'கப்பலோட்டிய தமிழ'னையும் இயக்கினார். மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் சமையல் ஒரே கைதான். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.)

'சிற்றன்னை'யை நூலகத்தில் படித்திருந்தேன். அது போதும் என்று பாலத்தின் நடுவிலேயே தீர்மானித்தேன். கீழே தாமிரபரணி ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒருத்திதான் சாட்சி.

போட்டி நாள். எனக்கு முன்னால் பேசியவர் நம் அம்பாசமுத்திரத்து நண்பர். அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவர் எடுத்துக்கொண்ட படைப்பு என்ன தெரியுமா? இரும்புக்கை மாயாவி! 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக வந்ததே, அதே மாயாவி. இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வார இதழில் 1962-ல் பிறந்தவன், பத்து வருஷம் கழித்து நம் பக்கத்து மாவட்டத்தில் தமிழ் பேச ஆரம்பித்தான். ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

அவர் பெயரைச் சொன்னதுமே அரங்கத்தில் சிரிப்பு. "ஏல, இது எல்.கே.ஜி. மன்றமா?" என்று ஒரு குரல். உரக்கச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அவர் நிறுத்தவில்லை. அவர் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கடன் கொடுத்தவர் வாசலுக்கு வந்து சத்தம் போடும்போது அவருடைய அப்பா புழக்கடையில் போய் நிற்பாராம். "அந்த நேரம் எங்கப்பாவுக்கு அந்தக் கை இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு நெனப்பேன். மறையணும்னு யாருக்கு ஆசை? மறைய வேண்டிய கட்டாயம் உள்ளவனுக்குத்தான்" என்றார். அதற்குமேல் பேச விடவில்லை. கை தட்டியே உட்கார வைத்துவிட்டார்கள்.

அடுத்தது நான். 'உதிரிப்பூக்கள்' பற்றிப் பத்து நிமிஷம் பொழிந்து தள்ளினேன். காட்சி காட்சியாக! எல்லாம் 'சிற்றன்னை'யில் படித்தது, மீதி நானே கட்டியது. முடித்ததும் ஐயா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியில ஆறு ஒண்ணு வருதே தம்பி, அது எப்படி இருந்தது?"

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நம்ம தாமிரபரணி மாதிரியே ரொம்ப ரம்மியமா இருந்தது ஐயா" என்றேன்.

ஐயா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்படியா, சரி" என்றார். அவ்வளவுதான். நடுவர்கள் வேறு இருவர். முதல் பரிசு எனக்குக் கிடைத்தது. பாரதியார் கவிதைகள், மன்றத்தின் முத்திரை போட்டது. ஐயா கையால்தான் வாங்கினேன். சில நாள் கழித்து வராந்தாவில் எதிர்ப்பட்டபோது, தோளைத் தொட்டுச் சொன்னார்: "அந்தப் படத்த எப்பவாவது ஒரு நாள் பாத்துரும், என்ன?" சரி ஐயா என்றேன். அவர் என்ன சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நடந்து போய்விட்டேன்.

அதன் பிறகு நாற்பது வருஷம் நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். திருமணமாகி, வேலை பார்த்து, ஓய்வும் பெற்று, 2020-ல் கொரோனா ஊரடங்கில் வீட்டோடு கிடந்த நாளில் ஒரு ராத்திரி தனியாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் கால் மணி நேரத்திலேயே வியர்த்துவிட்டது. மகேந்திரன் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு கீற்றை மட்டும் எடுத்துக்கொண்டு முழுக்க வேறொரு கதையைச் செய்திருக்கிறார். நான் மன்றத்தில் சொன்ன காட்சி ஒன்றுகூட அதில் இல்லை!

கடைசியில் ஆறு வந்தது. பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண்டாட்டி, பிள்ளை, ஊர் என்று அத்தனை பேரையும் வதைத்த ஒரு மனிதனை ஊரே சேர்ந்து ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து, நீயே இறங்கு என்கிறது. தாயில்லாத இரண்டு பிள்ளைகளும் கரையில் நிற்கின்றன. அவன் தண்ணீருக்குள் நடந்து போகிறான். அந்த ஆற்றைத்தான் நான் "ரொம்ப ரம்மியமா இருந்தது" என்று சொல்லியிருக்கிறேன்.

ஐயா அன்றைக்கே என் பொய்யைப் பிடித்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரங்கத்தில் என் மானம் போயிருக்கும். அந்த வயதில் போனால் திரும்பி வந்திருக்குமா, தெரியாது. அவர் சொல்லவில்லை. படத்தைப் பார் என்று மட்டும் சொன்னார். "பாத்துட்டேன் ஐயா" என்று போய்ச் சொல்ல நினைத்தேன். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது.

இதோடு விட்டிருப்பேன். போன கோடை விடுமுறையில் பேரன்கள் இரண்டு பேரும் பாளைக்கு வந்தார்கள். மூத்தவன் கல்லூரி, இளையவன் எட்டாம் வகுப்பு. வந்த நாள் முதல் சண்டை. எதற்கு? சூப்பர்ஹீரோ படத்துக்கு! மூத்தவனுக்குப் பேட்மேன். 2008-ல் வந்த 'தி டார்க் நைட்'தான் படம், அதில் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர்தான் நடிகன், செத்த பிறகு ஆஸ்கார் கொடுத்தார்கள் என்று வகுப்பு எடுக்கிறான். இளையவனுக்கு ஸ்பைடர்மேன். அவர்கள் அம்மா, அதாவது என் மகள், "ரெண்டும் வேண்டாம்ல, 'மின்னல் முரளி' பாருங்க. வேட்டி கட்டிட்டு ஓடுதான், அவன்தான் நம்ம ஆளு" என்கிறாள். 2021-ல் வந்த மலையாளப் படம், தமிழிலும் பேசுகிறது. நான் நடுவராக உட்கார்ந்தேன்.

இளையவனிடம், "ஸ்பைடர்மேன் ஏம்ல பிடிக்கும்?" என்று கேட்டேன். "அவனுக்கும் ஹோம்வொர்க் இருக்கு தாத்தா. காசும் இல்ல. வீட்ல பொய் சொல்லிட்டுத்தான் ஊரக் காப்பாத்தப் போறான்" என்றான். நல்ல பதில் என்று நினைத்தேன். மூத்தவன் விடவில்லை. "அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க படம். மார்வெல் படமெல்லாம் சினிமாவே இல்ல, தீம் பார்க்குன்னு ஸ்கார்செஸியே சொல்லியிருக்கார்" என்றான். மார்ட்டின் ஸ்கார்செஸி 2019-ல் அப்படிச் சொன்னது உண்மைதான். நான் கேட்டேன்: "சரிடே, ஸ்கார்செஸி படம் நீ எத்தன பாத்திருக்க? 'டாக்ஸி டிரைவர்' பாத்திருக்கியா?" அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். ஒன்றுகூடப் பார்த்ததில்லை. ரத்தம் எங்கே போகும்!

சிரித்துக்கொண்டேன். ஆனால் மறுநாள் காலையில் நடந்ததைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "ஒனக்கு எந்தப் படம்ல பிடிக்கும்?" என்று கேட்டான். இளையவன் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டார்க் நைட்" என்றான். அவன் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை, எனக்குத் தெரியும். சுலோசன முதலியார் பாலத்தில் நான் செய்த வேலையை என் வீட்டுத் திண்ணையில் அவன் செய்கிறான். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரையும் உட்கார வைத்து, என் பரிசுக் கதையை முதல் முதலாக வாய் விட்டுச் சொன்னேன். மூத்தவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தம்பியிடம், "எடுல, ஒன் ஸ்பைடர்மேனப் போடு" என்றான்.

நண்பர்களே, சூப்பர்ஹீரோ என்ற சொல்தான் நமக்குப் புதிது. சூப்பர்மேன் காமிக்ஸில் பிறந்தது 1938-ல். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே நம் கொடை விழாக்களில் வில்லடித்துப் பாடிய நாயகர்கள் உண்டு. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போனவர்களுக்கு முத்துப்பட்டனைத் தெரியும். பிராமணனாகப் பிறந்து, சாதி விட்டுச் சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவன். அவனுக்குப் பறக்கத் தெரியாது, மறையத் தெரியாது. இன்றைக்கும் அந்தப் பட்டவராயன் சன்னதியில் காணிக்கை என்ன? தோல் செருப்பு. அந்தக் கதையைக் கேட்டு அழுத நம் ஆச்சிமார்கள், இது மேல்படி ரசனையா, கீழ்ப்படி ரசனையா என்று யாரிடமும் கேட்கவில்லை. மனசில் எங்கே வலித்ததோ, அங்கே ஒரு நாயகனை வைத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் சொல்கிறேன். ஒருவனுக்கு எந்த நாயகன் பிடிக்கிறான் என்பது அவன் எவ்வளவு படித்திருக்கிறான் என்பதைக் காட்டுவதில்லை. அவனுக்கு என்ன குறை இருந்தது என்பதைக் காட்டுகிறது. எனக்கு யாருக்கும் அடங்காத ஒரு வாள்வீரன் தேவைப்பட்டான். பேரனுக்கு ஹோம்வொர்க் உள்ள வீரன் தேவைப்படுகிறான். அம்பாசமுத்திரத்து நண்பருக்கு, புழக்கடையில் நிற்கும் அப்பாவுக்காக ஓர் இரும்புக் கை தேவைப்பட்டது. அதை அவர் நூறு பேர் சிரிப்பதற்கு நடுவே மறைக்காமல் சொன்னார். நான் எனக்குப் பிடித்ததை மறைத்தேன், பார்க்காததைப் பார்த்தேன் என்றேன், அவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். பரிசு யாருக்கு வந்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பெரிய படங்களைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாராவது எடுத்துக்கொண்டால் ஐயாவுக்குத் துரோகம். 'உதிரிப்பூக்க'ளை நான் பத்தொன்பது வயதில் பார்த்திருந்தால், அதன் பிறகு வீட்டில் கை ஓங்கவும் குரல் உயர்த்தவும் கொஞ்சம் யோசித்திருப்பேன். என் பெண்டாட்டி இங்கேதான் இருக்கிறாள், அவளைக் கேளுங்கள். பொய் சொன்னதால் எனக்கு ஏற்பட்ட நஷ்டம் அதுதான். பார்க்கவில்லை என்று ஒத்துக்கொண்டவன் என்றைக்காவது பார்ப்பான். பார்த்தேன் என்று சொன்னவனுக்கு அந்தக் கதவு அடைபட்டுப் போகிறது.

இந்தப் பையில் அந்தப் பாரதியார் கவிதைகள் இருக்கிறது. அட்டை போய்விட்டது, முத்திரை இன்னும் தெரிகிறது. இந்த நாற்பத்தைந்து வருஷத்தில் நான்கு வீடு மாறினேன், நான்கிலும் இது கூடவே வந்தது. மேடையை விட்டு இறங்கியதும் நேரே மூன்றாவது வரிசைக்குப் போகப் போகிறேன். வாங்கிக்கொள்வதும் தலையில் போடுவதும் அவர் இஷ்டம். இன்னொன்றும் அவரிடம் கேட்கப் போகிறேன். அன்றைக்கு நாங்கள் கை தட்டி உட்கார வைத்தோமே, அந்தப் பேச்சின் மீதியை. நேரம் இருந்தால், தலைவர் அவர்கள் அனுமதித்தால், அவர் இந்த ஒலிபெருக்கியிலேயே அதைச் சொல்லலாம். இந்தத் தடவை யாரும் சிரிக்க மாட்டோம்.

இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் 'ஏழாவது மனிதன்' பார்க்கலாம் என்று இருக்கிறேன். பார்த்துவிட்டேன் என்று அடுத்த வருஷம் நான் சொன்னால், கடைசிக் காட்சி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.